ஒரு காதில் அடுத்த பாட்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க டீஜே கத்துக்கிட்டதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றபோது முதலில் மறுத்தேன். வெட்கம்தான் காரணம். இந்தக் குடியிருப்பில் இனி டீஜே கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தான். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருஷம் பிறந்த அந்த இரவு. வெளியிலிருந்து ஆள் வரவழைத்து, நம் புல்வெளியில் ஆளுயர ஸ்பீக்கர் நான்கு வைத்தோம். பதினொன்றே முக்கால் மணிக்கு என் வீட்டு ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி செக்யூரிட்டிக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். எடுத்த பையனுக்கு எதிர்முனையில் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்கவில்லை. அந்த அம்மா மாடிப்படி இறங்கி வந்து, கூட்டத்தின் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன். நானும் அப்போது போய் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கமிட்டியில், பொருளாளர் என்ற முறையில், தீர்மானத்தை எழுதிக்கொண்டு போய் நிறைவேற்றிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பொங்கல் வந்தது. நாங்கள் 22 பேர் வந்திருந்தோம். அதில் தலையில் சாயம் பூசாமல் கருப்பாக இருந்தது இருவருக்கு. நாங்களே கோலம் போட்டு, நாங்களே பொங்கல் வைத்து, நாங்களே சாப்பிட்டு, நாங்களே பாத்திரம் கழுவினோம். வாட்ஸ்அப் குழுவில் இளைஞர்கள் ஒரு கட்டைவிரல் கூடப் போடவில்லை.

இரண்டாம் மாடித் தம்பி ஒருவர் இருக்கிறார், கல்லூரி முடித்தவர். லிஃப்டில் என்னிடம் கேட்டார்: "அங்கிள், சத்தம் அதிகம்னா சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாமே. ஆளையே ஏன் வேணாம்னீங்க?" என்னிடம் பதில் இல்லை. "அந்த ஆள் என்னதான் செய்றான்னு எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். "தெரிஞ்சுக்கிறீங்களா?" என்றார். தரைத்தளம் வந்துவிட்டது. கதவு திறந்தும் இருவரும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தோம்.

டீஜே என்றால் பாட்டுப் போடுகிறவர், ஒன்று முடிந்தால் இன்னொன்று என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் எனக்கு டீஜேக்களைச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் ஊரில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் ரேடியோ செட்டுக்காரர் வருவார். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டுவார். முதலில் பிள்ளையார் பாட்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, தாலி கட்டி முடிந்ததும் ஒன்று, பந்திக்கு ஒன்று. எந்த நேரத்துக்கு எந்த இசைத்தட்டு என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தட்டைத் துணியால் துடைத்து, முள்ளை வைத்துவிட்டு, தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் தொழில் என்று அறுபத்தைந்து வயதில்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொரு கதை தம்பி சொன்னது. நம்மைப் போன்ற குடியிருப்போருக்கு அது பிடிக்கும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற முகவரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். 1973 ஆகஸ்ட் 11 அன்று அதன் பொது அறையில் ஓர் இளம்பெண் விருந்து வைத்தாள். பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டது அவள் அண்ணன், 18 வயது, ஜமைக்காவில் பிறந்து வந்தவர். கூல் ஹெர்க் என்று பெயர். பாட்டில் பாடகர் நிறுத்தி டிரம்ஸ் மட்டும் அடிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் வெறிகொண்டு ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். பிறகு ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு சுழலியில் வைத்து, இதில் அந்த இடம் முடியும்போது அதில் அதே இடத்தைத் தொடங்கி, சில விநாடியைப் பல நிமிஷமாக இழுத்தார். ஹிப்ஹாப் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது பிறந்த இடம் என்று அந்தக் கட்டடத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரு குடியிருப்போர் பொது அறை! நம் கிளப் ஹவுஸில் நாம் இதுவரை உற்பத்தி செய்தது மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியல் மட்டுமே.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

கருவி ஒரு பெரிய டீ தட்டு அளவுதான். கன்ட்ரோலர் என்கிறார்கள். இடமும் வலமும் ஒவ்வொரு வட்டத் தட்டு, நடுவில் மிக்ஸர். மடிக்கணினியோடு இணைக்க வேண்டும். நான் வேறொருவர் பயன்படுத்தியதை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். மிக்ஸ் என்றொரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவே ஆரம்பத்துக்குப் போதும். நல்ல ஹெட்போன் ஒன்று வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏனென்றால் மொத்த வித்தையும் அதில்தான். கூட்டம் கேட்பது இடப்பக்கத்துப் பாட்டு. நீங்கள் ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே, மறு காதில் ஹெட்போனை வைத்து, வலப்பக்கத்தில் அடுத்த பாட்டைத் தயார் செய்ய வேண்டும். அது உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, சரியான எண்ணிக்கையில் உள்ளே விட்டு, பழையதை மெல்ல வெளியே அனுப்ப வேண்டும். கூட்டத்தில் ஆடுகிறவனின் கால் தடுமாறக் கூடாது.

வேகத்தை ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று அளக்கிறார்கள். இங்கேதான் பி.காம். கைகொடுத்தது. 100 தட்டுப் பாட்டை 104-க்கு ஏற்ற 4 சதவீதம் தள்ள வேண்டும். ஆனால் 104-ஐ 100-க்கு இறக்க 4 சதவீதம் தள்ளினால் கூடுதலாக இறங்கிவிடும், 3.85 போதும். இதை நான் சொன்னபோது தம்பி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அவர் காதால் செய்துவந்ததை நான் காகிதத்தில் செய்துவிட்டேன். அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. 120 தட்டுப் பாட்டில் வெறும் 0.1 வித்தியாசம் விட்டுவிட்டேன். ஐந்தே நிமிஷத்தில் அரைத்தட்டு விலகி, ஒரு டிரம்மின் அடி இன்னொன்றின் இடைவெளியில் விழுந்து, நொண்டிக் குதிரை ஓடுவது போல் ஆகிவிட்டது. வங்கியில் ஐந்து பைசா டாலி ஆகவில்லை என்றால் இரவு எட்டு மணி வரை உட்காருவோமே, அந்த ஞாபகம் வந்தது. அங்கே உட்கார்ந்து தேடலாம். இங்கே பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும்.

இந்த வேலையை எல்லாம் தானே செய்யும் 'சிங்க்' என்ற பொத்தான் கருவியிலேயே இருக்கிறது. முதல் இரண்டு மாதம் தம்பி அதன்மேல் கருப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். "காது வந்த பிறகு எடுத்துக்கலாம் அங்கிள்."

முதல் மாதம் முழுக்க எண்ணியதுதான். நான்கு தட்டு ஒரு கட்டம், எட்டு கட்டம் ஒரு பத்தி, அதாவது 32 தட்டு. மேற்கத்திய ஆட்டப் பாட்டுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு 32-க்கும் ஏதாவது மாறும், ஒரு வாத்தியம் வரும் அல்லது போகும். அந்த வாசலில்தான் அடுத்த பாட்டை நுழைக்க வேண்டும். 36 வருஷம் நோட்டு எண்ணிய விரல், தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு நடுக்கவாதம் என்று நினைத்து, நல்ல டாக்டர் பெயர் சொன்னார்.

நம் பாட்டுக்கு வந்தால் கதை வேறு. இதை எந்த இணையப் பாடத்திலும் நான் பார்க்கவில்லை, நாங்கள் தடுமாறித் தடுமாறிக் கண்டுபிடித்தது. பழைய திரைப்பாடல்களை வாசித்தவர்கள் மனிதர்கள். சரணத்தில் உற்சாகம் வந்தால் வேகம் ஒரு துளி கூடும், முடிவில் தளரும். கணினி அதன்மேல் கோடு போட்டுத் தருகிறது, ஆனால் இரண்டாம் சரணத்துக்குள் கோடு ஓரிடம், மிருதங்கம் ஓரிடம். அடுத்த சிக்கல் நடை. நம் குத்துப் பாட்டுகள் நிறைய தகிட தகிட என்று மூன்று மூன்றாக நடப்பவை. வெளிநாட்டு ஆட்டப் பாட்டு தகதிமி தகதிமி. வேகத்தின் எண் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும், பெரிய தட்டும் சேர்ந்தே விழும், ஆனால் உள்ளே இருக்கும் சின்னத் தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இரண்டு பாட்டைக் கலக்கப் பார்க்கக் கூடாது. ஒன்றைப் பல்லவி முடிவில் பட்டென்று நிறுத்தி, அதே மூச்சில் மற்றதை எடுக்க வேண்டும். மேலும், நம் பாட்டுகளில் ஆரம்பத்தில் வெறும் வயலின்கள் வந்து, பிறகுதான் தாளம் வரும். தாளம் தொடங்கும் இடத்தில் அடையாளப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற நல்ல இடம், முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்ப வந்தவுடன். இரண்டாம் சரணத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் கோபிப்பார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் அறுபது வயதுக்கு மேல் என்றால் முழுப் பாட்டையும் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து பேஸ். மிக்ஸரில் ஒவ்வொரு பாட்டுக்கும் கனம், நடு, கூர்மை என்று மூன்று திருகி இருக்கும். இரண்டு பாட்டின் கனமும் ஒரே நேரத்தில் ஒலித்தால் சேறு போலாகிவிடும். புதியதை உள்ளே விடும்போது அதன் கனத்தை முழுக்கக் குறைத்து வைத்து, மாற்றும் தருணத்தில் இதைக் குறைத்து அதைக் கூட்ட வேண்டும். பதினைந்து நாளில் கை பழகிவிட்டது.

பழகாதது மூன்றாவது திருகி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

டிரம்ஸில் 'ஹைஹாட்' என்று இரண்டு சின்னத் தாளத்தட்டு இருக்கும், 'ட்ஸ் ட்ஸ்' என்று. வேகத்தை ஒட்டவைக்க அதைத்தான் கேட்க வேண்டும் என்றார் தம்பி. "இப்ப வருது பாருங்க அங்கிள்." எனக்கு ஒன்றும் வரவில்லை. "இதோ, இப்ப." இல்லை. ஹெட்போன் கெட்டுவிட்டது என்றேன். அவர் வாங்கிக் கேட்டார், நன்றாகவே இருந்தது. அதன்பிறகு நான் கூர்மைத் திருகியைக் கூட்டிக் கூட்டி வைக்க ஆரம்பித்தேன், எனக்குக் கேட்கும் வரை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டம்மா வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, சாயங்காலம் உங்க வீட்டுச் சத்தத்துல குழந்தைக்குக் காது வலிக்குதாம்" என்றார். டீஜே கூடாது என்று தீர்மானம் எழுதியவன் வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

காது மருத்துவரிடம் போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வந்த வரைபடத்தில் கோடு பாதி வரை சமதளம், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மொட்டைமாடியிலிருந்து விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. வயதால் வருவது, அதுவும் இந்தக் கூர்மையான ஒலியில்தான் முதலில் வரும், போனது திரும்பாது என்றார். இடது காது அதிகம். என் மனைவி நான்கு வருஷமாக, "கூப்பிட்டா காதுலயே வாங்க மாட்டேங்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது குணத்தைப் பற்றி அல்ல, காதைப் பற்றி என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டிவி சத்தமும் இதனாலதானா" என்றாள்.

இப்போது காதுக் கருவி வைத்திருக்கிறேன். ஹெட்போனைப் போட்டால் அது விசிலடிக்கும், அதனால் கருவி வாசிக்கும்போது கழற்றிவிடுவேன். ஹெட்போன் வலது காதுக்கு மட்டும். ஹைஹாட்டை விட்டுவிட்டு, அடித்தாளத்தையும் பாடகர் மூச்செடுக்கும் இடத்தையும் வைத்து ஒட்டவைக்கப் பழகினேன். திரையில் ஓடும் அலைக்கோட்டையும் பார்த்துக்கொள்கிறேன், தம்பி மனமிறங்கி அனுமதித்துவிட்டார். கூர்மைத் திருகி பன்னிரண்டு மணி நிலையைத் தாண்டக் கூடாது என்பதற்காக, அதன் பக்கத்தில் என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. எனக்கு என்ன கேட்டாலும், கேட்காவிட்டாலும், பொட்டைத் தாண்டுவதில்லை.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாக வைக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். கூட்டு வட்டி மாதிரி, ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கு அரசு அனுமதித்தாலும் 12 மணி வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். தனியார் இடத்தில் ஒலிக்கும் பாட்டு, நம் எல்லைச் சுவரருகே அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. கேட்டவர்களுக்காக இன்னொன்று: பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு, குடியிருப்போரின் பொதுப் பயன்பாட்டுக்கான மூடிய கூடத்தில், அவர்களுக்கான வசதியாகப் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிடுவதை மீறலாகக் கருதவில்லை. புல்வெளி மூடிய கூடம் ஆகாது. ஆக, எல்லா வழியும் நம்மைக் கிளப் ஹவுஸுக்குள்தான் அனுப்புகிறது.

இந்தக் கணக்கையெல்லாம் வைத்துக்கொண்டு கமிட்டியில் என் தீர்மானத்தை நானே திருத்தக் கேட்டேன். மூடிய கூடம், இரவு ஒன்பதரையோடு நிறுத்தம், மூன்றாம் மாடி வாசலில் ஒருவர் கைபேசி அளவியோடு நிற்க வேண்டும். கைபேசி அளவி துல்லியமானதல்ல, ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல்.

இந்தப் பொங்கலன்று முதல் ஒரு மணி நேரம் நான், அடுத்தது தம்பி. நாற்பது நிமிஷம் வரை நன்றாகவே போனது. அதன்பிறகு அடுத்த பாட்டை வலப்பக்கத்தில் ஏற்றுவதற்குப் பதில், ஓடிக்கொண்டிருந்த இடப்பக்கத்திலேயே ஏற்றிவிட்டேன். கூடம் முழுக்க நிசப்தம். வங்கியில் கணினி நின்றுபோனால் கவுன்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் நம்மைப் பார்ப்பார்களே, அதே பார்வை. எனக்கு விரல் உறைந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா நின்றுபோன வரியிலிருந்தே பாடத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குழந்தைகள் கைதட்ட, பல்லவி முடியும் வரை அவர்களே இழுத்துக்கொண்டு போனார்கள். நான் அந்தக் கைத்தட்டலுக்கு வேகம் பார்த்து அடுத்த பாட்டை உள்ளே விட்டேன். பரவாயில்லாமல் ஒட்டியது. ஓடும் பக்கத்தில் பாட்டை ஏற்ற முடியாதபடி பூட்டிவைக்க மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொண்டால் முதல் நாளே அதைப் பூட்டுங்கள்.

அன்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. இலை 140 போதவில்லை என்று சமையல்காரர் சொன்னார்.

கருவி இப்போது கிளப் ஹவுஸ் அலமாரியில் இருக்கிறது, சாவி செக்யூரிட்டியிடம். செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 6:30 வரை நானோ தம்பியோ இருப்போம். ஹெட்போன் மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள், காது விஷயம். அறுபதைத் தாண்டியவர்கள் வருவதற்கு முன் ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடிப் பெரியவரும் பொங்கலன்று ஊன்றுகோலோடு இறங்கி வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு நேராக வந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. குனிந்து என் காதருகே, "ஒண்ணுமே கேக்கலையேப்பா, கொஞ்சம் கூட்டேன்" என்றார். நான் பொட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "இது யார் வச்சது?" என்றார். ஸ்பீக்கருக்கு அருகில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தோம். ஒன்பதரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.